ஒற்றைப் பொட்டு, இரட்டைப் பொட்டு

எங்கள் மாமாவின் பஸ் வருவது பெரம்பலூரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சத்தம் முன்னால் வரும், புகை பின்னால் வரும், பஸ் நடுவில் எங்கேயாவது வரும். உலகச் சண்டை வந்ததிலிருந்து பெட்ரோல் கிடையாது என்று பின்பக்கம் ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கரி எரிகிற புகையில்தான் என்ஜின் ஓட வேண்டும். அடுப்பில் கரி போடுவது, அது கனிய ஊதுகிற காற்றாடியைச் சுற்றுவது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் என் உத்தியோகம். எட்டாம் வகுப்பு என்னை மேலே விடுவதாக இல்லை. நான் அதை விட்டுவிட்டு வெளியே வந்தேன். என் அம்மாவின் தம்பி பஞ்சநாதன் மாமா, "சின்னதுரை, ஒனக்குப் படிப்புதான் வரல. பொகையாவது வருதான்னு பாப்போம்" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

என்னைப் பற்றி அவ்வளவு போதும். நான் எழுத உட்கார்ந்தது பஸ்ஸின் மெக்கானிக் ராசாங்கத்தைப் பற்றி.

ராசாங்கத்துக்குக் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. அந்தத் தெருவிலிருந்து ஓடிப்போய்க் கப்பல் ஏறி, ரங்கூனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கி, பிறகு ஒரு மோட்டார்ப் பட்டறையில் சேர்ந்து என்ஜின் வேலை கற்றவர். ரங்கூனில் குண்டு விழுந்ததும் காடு மலையெல்லாம் நடந்தே திரும்பி வந்தார். அதனால் அவரை முதல் தடவை பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். கட்டம் போட்ட கைலி, பால் இல்லாத டீ, இரண்டையும் ரங்கூனிலிருந்து மறக்காமல் கொண்டுவந்திருந்தார். நான் வைத்த பெயர் 'ரங்கூன் மாப்பிள்ளை'. அது ஊருக்காக. மாமா காதில் விழாத தூரத்தில் நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கரி போட வண்டியை நிறுத்துகிற இடத்தில், டிரைவர் கண்ணையன் பீடி பற்ற வைக்கிற நேரம் பார்த்து, பானட்டுக்குள் கையை விட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றிவிடுவேன். கண்ணையன் கிளப்புவார். வண்டி திக்கும், திணறும், குலுங்கி நிற்கும். கண்ணையனின் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. ராசாங்கம் இறங்கி, பானட்டைத் தூக்கி, வயரை மாட்டி மூடுவார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வயரு லூசாயிருந்துச்சுங்க." ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. தனியாக மட்டும், "தம்பி, என்ஜினுக்கும் திக்குவாய் வர வெக்கிறீங்களே" என்பார்.

அவர் மெக்கானிக், பட்டறையில் இருந்தால் போதும். ஆனால் தினமும் பஸ்ஸில் அரியலூர் வரைக்கும் வருவார். வேலைக்குச் சேரும்போது மாமாவிடம் அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஸ்டேஷன் வாசலில் பஸ் நின்றதும் இறங்கி, ரயிலிலிருந்து வருகிற பெண்பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பார்ப்பார். ஒரு தடவை ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்துவிட்டார். "என்னடா பொம்பளைங்களையே மொறைக்கிற?" ராசாங்கம் சொன்னார்: "என் சம்சாரம் வரணுங்க."

அவர் சம்சாரத்தின் பெயர் பொன்னாயி. ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த பெண். இந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. குண்டு விழுந்த பிறகு கப்பலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் கிடைத்தது. அவளை ஏற்றிவிட்டார். ஏற்றிவிடும்போது, பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி வழியைச் சொல்லிக் கொடுத்தாராம்: மெட்ராசுக்கு வந்து அரியலூருக்கு ரயில் ஏறு. ஸ்டேஷன் வாசலில் பெரம்பலூர் பஸ் நிற்கும். வேறு எதிலும் ஏறாதே, யார் கூப்பிட்டாலும் போகாதே. குன்னம் தாண்டி ஒற்றைப் புளியமரத்தில் இறங்கு. நான் முந்தி வந்துவிட்டால் அந்த பஸ்ஸிலேயே இருப்பேன்.

நடந்து வந்தவர் வந்துவிட்டார். கப்பலில் வந்தவள் வரவில்லை. அந்தக் கப்பல் கரை சேர்ந்ததாகத் தகவல் உண்டு. அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் எல்லோரும் மனதில் ஒன்றை முடிவு செய்துவிட்டு, அவர் எதிரில் வேறு ஏதாவது பேசினார்கள்.

இப்படி இருக்கையில் புரட்டாசி மாதம் பஸ் படுத்துவிட்டது. சண்டைக் காலத்து எண்ணெய், எண்ணெய் என்று பெயர்தான். குன்னத்தை நெருங்கும்போது என்ஜினுக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி சத்தம் கேட்டது. கிராங்க் சுழல்கிற இடத்தில் இருக்கிற மெயின் பேரிங் உருகிவிட்டது என்றார் ராசாங்கம். கிராங்க் என்பது என்ஜினின் முதுகெலும்பு மாதிரி, வளைந்து வளைந்து கிடக்கிற கனத்த இரும்புத் தண்டு. பிஸ்டன் எல்லாம் அதைத்தான் உதைத்துச் சுற்றும். அது சுழல்வதற்கு நான்கு இடத்தில் மெத்தை மாதிரி வெள்ளை ஈயம் ஊற்றியிருக்கும். பாதி ஈயம் என்ஜினின் உடம்பில், மீதிப் பாதி கீழிருந்து கவ்விப் பிடிக்கிற இரும்பு மூடியில்.

மெட்ராஸிலிருந்து புது பேரிங் வர வழியில்லை. ராசாங்கம் பழைய ஈயத்தை உருக்கித் தானே ஊற்றினார். பட்டறைக் குழியின் மேல் பஸ்ஸை நிறுத்தி, கீழே படுத்துக்கொண்டு வேலை. கிராங்க்கில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசுவார். தூக்கி வைத்துச் சுற்றுவார். இறக்கிப் பார்ப்பார். ஈயத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அந்த மேட்டைச் சுரண்டியால் பூ மாதிரிச் சீவி எடுப்பார். திரும்பப் பூசுவார், திரும்ப வைப்பார். ஈயம் முழுக்கக் கரி சீராக ஒட்டுகிற வரைக்கும் இதே வேலை. நான் பொறுக்க மாட்டாமல், "அண்ணே, இது என்ஜினா, பொண்ணுக்குக் கன்னத்துல மை வெக்கிறீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கும் ரயிலு வந்திருக்கும் தம்பி. வாசல்ல பஸ்ஸு இல்ல" என்றார்.

ஒவ்வொரு மூடியும் அதனதன் இடத்தோடு சேர்த்துச் சீவியது. இடம் மாறக்கூடாது, முன்பக்கம் பின்பக்கமாகவும் திரும்பக்கூடாது. முதல் மூடியும் கடைசி மூடியும் தனித்தனி ஜாடை. நடுவில் இருக்கிற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதனால் உளியால் ஒரு தட்டுத் தட்டி இரும்பில் குறி போட்டுவிடுவார்கள்.

குறி போட வேண்டிய அன்று ஆயுத பூசை.

ஜெயலட்சுமி அத்தை, மாமாவின் சம்சாரம், காலையிலேயே ஆள் விட்டுச் சுத்தி, உளி, ஸ்பானர் எல்லாவற்றையும் வீட்டுக்குள் வாங்கி வைத்துவிட்டாள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை எடுக்கக்கூடாது. முந்தின நாள் ராத்திரியே மூடிகளைச் சீவி முடித்திருந்த ராசாங்கம் உளியைத் தேடும்போது உளி சாமியிடம் இருந்தது. அதற்குள் அத்தையிடமிருந்து அடுத்த உத்தரவு: வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறது, முழு வண்டிக்குப் பொட்டு வைக்க முடியாது, முக்கியமான சாமானாவது உள்ளே வரட்டும்.

ராசாங்கம் உளிக் குறிக்குப் பதிலாக ஒரு வழி கண்டார். என்னிடம் குங்குமம் கேட்டு வாங்கினார். நடு மூடிகளில் ஒன்றில் ஒற்றைப் பொட்டு, இன்னொன்றில் இரட்டைப் பொட்டு, இரண்டிலும் முன்பக்கம் வருகிற ஓரத்தில் வைத்தார். பிறகு மூடிகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக் கொண்டுவந்து நிலைவாசலுக்கு வெளியே நின்றார். அவர் தெருக்காரர்கள் அந்த நிலையைத் தாண்டுவதில்லை. மாமாவின் என்ஜின் வயிற்றுக்குள் தோள் வரைக்கும் கை விடலாம். மாமாவின் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. சாமிக்கே அதில் ஆட்சேபம் இருக்குமென்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் சாமியைக் கேட்டதில்லை.

தாம்பாளத்தை நான்தான் உள்ளே கொண்டுபோனேன். "அத்தை, பொட்டு அழியாம பாத்துக்குங்க. ராசாங்கம் சொல்லச் சொன்னாரு."

"ஏண்டா, எனக்குத் தெரியாதா? போயி வாழக்கன்ன கட்டு."

மறுநாள் விடிந்ததும் அத்தை தாம்பாளத்தை நிலைக்கு வெளியே நீட்டினாள். மூடிகள் தங்கம் மாதிரி மின்னின. நான்கிலும் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு.

ராசாங்கம் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அம்மா, நான் வெச்ச பொட்டு..."

"எண்ணெப் பிசுக்குல எல்லாம் ஈஷிக்கிட்டு அழிஞ்சு கெடந்துதுப்பா. புளி போட்டு நல்லாத் தேச்சுக் கழுவி, புதுசா எடுப்பா வெச்சிருக்கேன். இந்த வருசம் வண்டி நிக்காம ஓடும் பாரு."

அத்தை முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ராசாங்கம், "சரிங்கம்மா" என்றார்.

நாங்கள் தாம்பாளத்தோடு பட்டறைக்குத் திரும்பிய சமயத்தில்தான் அரியலூர் ஸ்டேஷனில் வெங்காயம் இறக்கிவிட்டு வந்த வண்டிக்காரர் பட்டறை வாசலில் மாட்டை நிறுத்தினார். "எப்பங்க பஸ்ஸு விடுவீங்க? அங்க ஒரு பொம்பள பஸ்ஸு பஸ்ஸுன்னு ஒக்காந்திருக்கு. கேட்டா ரங்கூன்லேருந்து வந்தேங்குது."

வண்டிக்காரர் மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி மேலே சொன்னார்.

"காலு வீங்கிக் கெடக்கு. வா தாயீ, நான் கொண்டாந்து வுடறேன்னேன். மாட்டேன்னுடுச்சு. பெரம்பலூர் பஸ்ஸுலதான் வரணும், வேற எதுலயும் ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காம்."

ராசாங்கம் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அப்படியே குந்தி உட்கார்ந்தார். கண்ணையன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவதான்டா. எழுந்திருடா. பொழச்சுட்டடா நீ."

நான் மாமாவின் சைக்கிளை எடுத்துவிட்டேன். "அண்ணே, ஒரே அழுத்தா அழுத்திப் போயிப் பாத்துட்டு வந்துடறேன்." மாமா பக்கத்தில் நின்றதை நான் மறந்துவிட்டேன். 'அண்ணே' அவர் காதில் விழுந்தது. அவர் குனிந்து சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தார்.

ராசாங்கம் தலையை ஆட்டினார். "வேணாம் தம்பி. நீங்க போயிப் பாத்துட்டு வந்து, அவ இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா, இந்த மூடிய நான் எந்தக் கையால முடுக்குவேன்? அவளால நடக்க முடியாது, வேற வண்டியில ஏற மாட்டா. பஸ்ஸு போனாத்தான் ஆச்சு."

குழிக்குள் இறங்கினார். நானும் கண்ணையனும் கிராங்க்கைப் பலகையில் கயிறு கட்டி ஏந்தித் தூக்கினோம். அவர் கீழே படுத்தபடி நடு மூடிகளில் ஒன்றை வைத்து நட்டை முடுக்கினார். கையால் கிராங்க்கைச் சுற்றினார். கொஞ்சம் போய்ப் பிடித்துக்கொண்டது. கழற்றினார். மூடியின் ஈயத்தில் ஒரே ஒரு மூலையில் மட்டும் கரி. திருப்பி வைத்தார். முடுக்கினார். சுற்றினார். இப்போது எதிர் மூலை.

மேலே மாமா நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் மனசு இருக்கிறது. எப்போதாவது வெளியே வரும். "ராசாங்கம், ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. ஏதாவது ஒண்ண மாட்டிக்கிட்டுக் கெளம்புப்பா. அப்பறம் வந்து சரி பண்ணிக்கலாம்."

"ரெட்டப் புள்ளைங்க சட்டைய மாத்திப் போட்டுக்கலாங்க. பல்ல மாத்தி வெக்க முடியாதுங்களே." குழிக்குள்ளிருந்து வந்த குரல் எப்போதும் போல் இருந்தது. "இப்புடியே கெளம்புனா குன்னத்துல போயி மறுபடியும் ஈயம் உருகிடும். வண்டி நடு வழியில நிக்கும். அவ அங்கயே ஒக்காந்திருப்பா."

விளக்குக் கரி தீர்ந்துவிட்டது. நான் ஓடிப்போய் அத்தையின் பூசைக் குத்துவிளக்கைச் சுரண்டிக் கரி கொண்டுவந்தேன். அத்தை, "எதுக்குடா?" என்றாள். சொன்னேன். கையில் இருந்த பொரித் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பட்டறை வாசலுக்கே வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராசாங்கமும் சொல்லவில்லை.

பூசுவது, வைப்பது, முடுக்குவது, சுற்றுவது, கழற்றுவது. அவசரத்தில் துடிக்கிற ஒரு மனுஷன் கை மட்டும் அவ்வளவு நிதானமாக இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமி பேராக்கும் என்று குனிந்து காது கொடுத்தேன். அரியலூர், ஸ்டேஷன் வாசல், பெரம்பலூர் பஸ், குன்னம், புளியமரம் என்று கேட்டது. கேலி பண்ண வாய் வரவில்லை எனக்கு.

கடைசியில் மூடிகளை இடம் மாற்றி வைத்துக் கழற்றியபோது, ஈயம் முழுக்கக் கரி சீராகப் படர்ந்திருந்தது. ராசாங்கம் அதை என்னிடம் உயர்த்திக் காட்டினார். அன்றைக்குச் சிரித்தது அப்போதுதான். "தம்பி, பாத்தீங்களா? இதான் அது." கரியைத் துடைத்து எண்ணெய் விட்டு, எல்லா நட்டையும் முடுக்கி, கிராங்க்கை ஒரு தள்ளுத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி சுற்றியது. சாமானை எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லாத மாமாவே மண்டி போட்டு நட்டையும் போல்ட்டையும் எடுத்துக் கொடுக்க, மீதி வேலையெல்லாம் முடிந்து வண்டி கிளம்பும்போது சாயந்தரம் ஆகிவிட்டது. ராசாங்கம் முகம் கழுவி, மடிப்புக் கலையாத ஒரு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

வழி முழுக்க அவர் என்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே வந்தார். "நல்லாப் போவுது" என்றார் கண்ணையன். "நல்லாப் போவுது" என்றார் ராசாங்கம். ஸ்டேஷன் வாசலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் ஒரு பெண் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பஸ் நிற்பதற்கு முன்பே ராசாங்கம் குதித்து இறங்கி ஓடினார்.

பாதி தூரம் ஓடியவர் நின்றுவிட்டார்.

நான் பின்னால் போனேன். அந்தப் பெண் அவரைப் பார்க்காமல் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பெரம்பலூர் பஸ்ஸுங்களா? குன்னம் தாண்டி ஒத்தப் புளியமரத்துல நிக்குங்களா?"

"நிக்கும்" என்றார் ராசாங்கம்.

"இதுல ராசாங்கம்னு ஒருத்தரு இருப்பாருன்னு சொல்லுச்சு."

"யாரு சொன்னது?"

"பொன்னாயி."

"நாந்தான்" என்றார் அவர். "பொன்னாயி எங்க?"

அவள் பெயர் பூங்காவனம். புருஷன் ரங்கூனில் குண்டில் போய்விட்டான். கப்பலில் பொன்னாயிக்குப் பக்கத்தில் இடம். மரத்தடியிலேயே திரும்ப உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கப்பல்லயே காய்ச்சல் கண்டுடுச்சுங்க. விசாகப்பட்டினத்துல எங்க ரெண்டு பேரையும் எறக்கி ஆஸ்பத்திரிக் கொட்டகையில போட்டாங்க. நான் எழுந்துட்டேன். அது எழுந்திருக்கல. கடைசி மட்டும் இந்த வழியத்தான் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. அரியலூரு, பெரம்பலூர் பஸ்ஸு, வேற எதுலயும் ஏறாதே, யாரு கூப்பிட்டாலும் போவாதே. சொரத்துல மறந்துபோயிடுமோன்னு பயந்துக்கிட்டு என்னையும் கூடவே சொல்லச் சொல்லும். சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாயிடுச்சு. எனக்குப் போவ ஊரு இல்லீங்க. அங்க இங்க கெடந்தேன். தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான். அதான் வந்துட்டேன்."

ரயில் ஒன்று வந்து நின்று போனது. அன்று ராசாங்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு குனிந்து அவளுடைய மூட்டையை எடுத்துக்கொண்டார்.

"பஸ்ஸு வேல ஆயிட்டிருந்துச்சு. ரொம்ப ஒக்கார வெச்சுட்டேனாம்மா?"

"இல்லீங்க. வரும்னு சொல்லியிருந்துச்சே."

"ஏறு" என்றார்.

அவளை டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார வைத்தார். அவர் கண்ணையன் பக்கத்தில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். நான் டிக்கெட் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பஸ் கிளம்பியது. வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை அந்த பஸ். ஒரு தட்டல் இல்லை, ஒரு முனகல் இல்லை. அன்றைக்காவது என்ஜினில் ஏதாவது கோளாறு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. அவர் நேரே பார்த்தபடி, மடிப்புக் கலையாத சட்டையில், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணையன், பின்னால் பூங்காவனம், அதற்குப் பின்னால் ரயிலிலிருந்து ஏறிய ஊர் ஜனம். ஒரு மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்?

மருதையாற்றங்கரையில் கரி போட வண்டியை நிறுத்தினோம். கண்ணையன் இறங்கிப் பீடி பற்ற வைத்தார். நான் அடுப்பில் கரியைக் கொட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன்.

கண்ணையன் வந்து கிளப்பினார். வண்டி திக்கியது, திணறியது, குலுங்கி நின்றது.

ராசாங்கம் இறங்கி பானட்டைத் தூக்கி, தலையையும் தோளையும் உள்ளே விட்டார். வயர் அவர் மூக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண் தெரியாதவர்கூட மாட்டிவிடலாம். அவர் மாட்டவில்லை. வெளியே தெரிந்தது முதுகு மட்டும்தான். அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ராசாங்கம், இவ்வளவு நேரம்?" என்று கண்ணையன் எட்டிப் பார்க்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். "பெரிய ரிப்பேருங்க. நீங்க இன்னொரு பீடி பத்த வெச்சுட்டு வாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ரொம்ப நேரம் கழித்துப் பானட் மூடுகிற சத்தம் கேட்டது. ராசாங்கம் கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். புதுச்சட்டை முழுக்கக் கரியும் எண்ணெயும்.

"வயரு லூசாயிருந்துச்சுங்க" என்றார்.